மேம்பாலத்தில் லாரி போகும்போது அதிர்வது ஏன்? எடை மட்டும் காரணமில்லை... சாலையின் மேடுபள்ளமும்தான்!

மேம்பாலத்தில் டிராஃபிக் நெரிசல். வண்டியை ஆஃப் செய்துவிட்டு நிற்கிறோம். எதிர்ப்பக்கத்தில் ஒரு டேங்கர் லாரி கடந்து போகிறது. காலுக்குக் கீழே பாலம் லேசாக எழும்பி இறங்குவது போல ஓர் உணர்வு. 'என்னங்க, பாலம் ஆடுது?' என்று பின்சீட்டிலிருந்து குரல் வராமல் இருக்காது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் நியாயமானது. 2025 ஜூலை 9ஆம் தேதி குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மீதிருந்த கம்பீரா பாலத்தின் ஒரு பகுதி உடைந்து, வாகனங்கள் ஆற்றில் விழுந்ததில் குறைந்தது 20 பேர் உயிரிழந்தார்கள். அங்கே தாங்குபீடமும் இணைப்பும் நொறுங்கியதே காரணம் என்று முதற்கட்ட விசாரணைக்குப் பிறகு மாநில அரசு தெரிவித்தது. ஆனாலும், இப்படி ஒரு செய்தி வந்துவிட்டால் போதும், 'எங்க ஊர் பாலமும் ஆடுது பாருங்க' என்று வீடியோக்கள் வரத் தொடங்கிவிடும்.

உண்மையில், ஆடாத பாலம் என்று ஒன்று கிடையாது. கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு ஆடுகிறது? முன்பைவிட அதிகமாக ஆடுகிறதா? அப்படியென்றால் ஏன்? பதிலின் பெரும்பகுதி தூணிலோ அடித்தளத்திலோ இல்லை. பாலத்தின் மேல் போடப்பட்ட தார்ச்சாலையின் மேற்பரப்பில் இருக்கிறது.

நமக்குத் தெரியும் ஆட்டம் எவ்வளவு?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். வாகனங்கள் ஏறும்போது பாலம் கீழ்நோக்கி வளைவதற்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாலங்களுக்கான விதிமுறை வைத்திருக்கும் வழக்கமான வரம்பு, பால நீளத்தில் 800-ல் ஒரு பங்கு. இரண்டு தூண்களுக்கு நடுவே 40 மீட்டர் என்றால், 50 மில்லிமீட்டர். அதாவது 5 சென்டிமீட்டர் வரை வளையலாம் என்று தெரிந்தேதான் கட்டுகிறார்கள்.

மனித உடம்போ இந்த விஷயத்தில் ரொம்பவே நுட்பமான கருவி. நொடிக்கு 3 முறை மேலும் கீழும் போகும் ஓர் அசைவு, கால் மில்லிமீட்டர் இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். ஓடும் வண்டியில் இருப்பவருக்கு இது தெரியாது. அவருடைய வண்டியின் குலுக்கலே அதை மறைத்துவிடும். நிற்பவருக்கும் நடப்பவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே, 'எனக்குத் தெரிகிறது' என்பதும் 'பாலத்துக்கு ஆபத்து' என்பதும் ஒன்றல்ல.

(தமிழில் இதற்கு ஆட்டம், அதிர்வு, குலுக்கல், நடுக்கம் என்று நான்கைந்து சொற்கள் உண்டு. பொறியாளர்கள் எல்லாவற்றையும் 'அதிர்வு' என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.)

நிற்கிற எடையும் ஓடுகிற எடையும்

ஒரு 25 டன் லாரி பாலத்தின் நடுவில் நின்றால், பாலத்துக்கு 25 டன் சுமை. அதே லாரி ஓடினால்? இந்தக் கேள்வியை உலகம் தீவிரமாகக் கேட்டது ஒரு விபத்துக்குப் பிறகுதான்.

1847 மே 24 அன்று இங்கிலாந்தின் செஸ்டர் நகரில், டீ ஆற்றின் மீதிருந்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் ஒன்று, ரயில் போய்க்கொண்டிருக்கும்போதே உடைந்தது. 5 பேர் பலியானார்கள். பாலத்தை வடிவமைத்தவர் அந்தக் காலத்தின் நட்சத்திரப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சன். அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. அதற்காக கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வில்லிஸ், இரும்புப் பட்டைகளின் மீது பாரத்தை உருட்டிச் சோதனை செய்தார். ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1849-ல் அதற்கான கணிதத்தைப் போட்டுக்கொடுத்தார். ஓடும் பாரம், நிற்கும் பாரத்தைவிட அதிகமாக வளைக்கிறது என்பது உறுதியானது.

ஆனால், அந்தச் சோதனைப் பாதை வழவழப்பானது. நம்ம ஊர் சாலை அப்படியா இருக்கிறது?

கண்ணாடி மாதிரி சமமான சாலையில் நம்முடைய வேகத்தில் லாரி ஓடினால், கூடுதல் சுமை சொற்பமே. விவகாரம் தொடங்குவது மேடுபள்ளத்தில்தான். லாரி என்பது ஸ்பிரிங் மீது உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய எடை. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால், அந்த எடை மேலே எழும்பும். பிறகு கீழே வரும். எழும்பும்போது சாலையை அழுத்தும் விசை குறையும். இறங்கும்போது கூடும். 25 டன் லாரி ஒரு கணம் 20 டன்னாகவும் அடுத்த கணம் 30 டன்னாகவும் 'எடை போடும்'. எடை மேடையில் ஏறி நின்று குதித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்தக் குதிப்பு இரண்டு விதம். லாரியின் உடல் முழுவதும் மெதுவாக மேலும் கீழும் போவது ஒன்று. இது நொடிக்குச் சுமார் ஒன்றரை முதல் 4 முறை. மற்றொன்று, சக்கரமும் அச்சும் மட்டும் படபடவெனத் துள்ளுவது. அது நொடிக்கு 8 முதல் 15 முறை. காலி லாரி பள்ளத்தில் போகும்போது 'தடதட'வென்று சத்தம் வருமே, அதில் இந்த இரண்டாவது ரகத்துக்குப் பெரிய பங்குண்டு.

பாலத்துக்கும் ஒரு தாளம் உண்டு

ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தனக்கென்று ஒரு வேகத்தில்தான் ஆடும். பாலமும் அப்படித்தான். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக 200-க்கும் மேற்பட்ட நெடுஞ்சாலைப் பாலங்களில் லாரியை ஓட்டிப் பார்த்து அளந்தது. அந்த முடிவுகளை 1983-ல் ரெட்டோ கான்டியேனி தொகுத்து வெளியிட்டார். அதிலிருந்து கிடைத்த தோராயமான கணக்கு இது: 10 மீட்டர் பாலம் நொடிக்குச் சுமார் 11 முறை ஆடும். 30 மீட்டர் பாலம் 4 முறை. 40 மீட்டர் என்றால் 3 முறை. 60 மீட்டர் என்றால் 2 முறை.

இப்போது லாரியின் எண்களை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாரி உடலின் குதிப்பு ஒன்றரை முதல் 4 முறை. 30 மீட்டர் முதல் 60 மீட்டர் வரையுள்ள பாலங்களின் ஆட்டமும் அதே எல்லைக்குள். சக்கரத் துள்ளல் 8 முதல் 15. சிறிய 10 மீட்டர் பாலமும் அதற்குள். அதாவது நம் சாலைகளில் அதிகம் இருக்கும் நீளங்களெல்லாம் லாரியின் ஏதாவது ஒரு தாளத்தோடு ஒத்துப்போகின்றன. வேண்டுமென்று அமைந்ததல்ல. ஆனால் அமைந்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே தரகர் வேலை பார்ப்பது சாலையின் மேற்பரப்பு. தார்ச்சாலை தேயும்போது ஒரே ஒரு பள்ளம் மட்டும் விழுவதில்லை, அலை அலையாக மேடுபள்ளம் உருவாகும். அந்த அலைகளின் இடைவெளியும் வண்டியின் வேகமும் சேர்ந்துதான் குதிப்பின் தாளத்தைத் தீர்மானிக்கின்றன. 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். சாலையில் சுமார் 6.7 மீட்டருக்கு ஒரு மேடு இருந்தால், லாரி நொடிக்கு 3 முறை உலுக்கப்படும். 40 மீட்டர் பாலத்துக்குப் பிடித்தமான அதே 3! வேகத்தைப் பாதியாக்கி 36-ல் போனால் இந்த மேடுகள் நொடிக்கு ஒன்றரை முறைதான் உலுக்கும். ஆனால் அப்போது 3.3 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் சின்ன மேடுகள் அந்த 3-ஐ எடுத்துக்கொள்ளும். கரடுமுரடான சாலையில் எல்லா இடைவெளியிலும் மேடுகள் இருக்கும். ஆகவே எந்த வேகத்தில் போனாலும் ஏதோ ஒரு மேட்டு வரிசை பொருந்திவிடும். 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகை மட்டும் போதாது என்பது இதனால்தான்.

சரி, தாளம் ஒத்துப்போனால் ஆட்டம் ஏறிக்கொண்டே போய்ப் பாலம் உடைந்துவிடுமா? இல்லை. அந்தப் பயம் வேண்டாம். 72 கிலோமீட்டர் வேகத்தில் லாரி 40 மீட்டர் பாலத்தைக் கடக்க 2 நொடிதான். அதற்குள் ஆறு ஆட்டம் முடிந்து லாரி வெளியே போயிருக்கும். 1940-ல் அமெரிக்காவில் விழுந்த டகோமா பாலத்தின் வீடியோவை இதோடு சேர்த்துப் பகிர்கிறார்கள். அது காற்றால் வந்த வேறு கதை. லாரியால் பாலத்துக்கு வரும் கேடு இவ்வளவு நாடகத்தனமானதல்ல. மெதுவாக, வருடக் கணக்கில் வருவது.

ஒரு மரப்பலகை காட்டிய உண்மை

எம்பா சோதனைகளில் ஓர் எளிய உத்தி இருந்தது. பாலத்தின் மேல் குறுக்காக ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன் மீது லாரியை ஏற்றி இறக்குவது. மோசமான சாலைக்கு அந்தப் பலகை டம்மி. பாலம் அதேதான், லாரி அதேதான், எடையும் அதேதான். மாறியது மேற்பரப்பு மட்டுமே. பாலத்தின் பதிலோ கணிசமாக மாறியது. இப்படிப் பலகையை அல்லது தடையைப் போட்டுச் சோதிப்பது இன்றும் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்த பெரிய முயற்சி, ஓஈசிடி எனப்படும் பொருளாதாரக் கூட்டுறவு அமைப்பு நடத்திய 'டிவைன்' ஆய்வு. 1990-களில் பல நாடுகள் சேர்ந்து செய்து, 1998-ல் அறிக்கை வந்தது. லீஃப் ஸ்பிரிங் லாரியா, ஏர் சஸ்பென்ஷன் லாரியா, எது பாலத்துக்கு நல்லது என்பதுதான் முக்கியமான கேள்வி. லீஃப் ஸ்பிரிங்கில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி இறுகிவிடும். லாரி கிட்டத்தட்ட டயர்களின் மீது மட்டும் நொடிக்கு 3 முறை குதிக்கும். ஏர் சஸ்பென்ஷன் மென்மையானது. ஒன்றரை முறை அளவில் ஆடும். ஆகவே நடுத்தர நீளமுள்ள பாலங்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் நல்லது என்று எதிர்பார்த்தது சரியாகவே இருந்தது.

ஆனால் சுவாரசியமே வேறு இடத்தில். சாலை சமமாக இருந்தால், எந்த சஸ்பென்ஷன் லாரி போனாலும் பாலத்தின் கூடுதல் அசைவு சிறியதே. சாலை கரடுமுரடாக இருந்தால், ஆஸ்திரேலியாவில் சோதித்த சிறிய பாலங்களில் ஏர் சஸ்பென்ஷன் லாரிகளேகூட பெரிய அசைவை உண்டாக்கின. சக்கரத் துள்ளலின் தாளமும் குட்டிப் பாலத்தின் தாளமும் ஒத்துப்போனதே காரணம். லாரியை மாற்றுவதைவிட சாலையைச் சரிசெய்வது பாலத்துக்குப் பெரிய உதவி என்று இதைச் சாதாரணத் தமிழில் சொல்லலாம்.

சூத்திரத்தில் இல்லாத ஒரு எழுத்து

இந்தக் கூடுதல் சுமையைப் பொறியாளர்கள் கணக்கில் எடுக்காமலா இருப்பார்கள்? எடுக்கிறார்கள். இந்தியாவில் பாலங்களின் சுமைக்கு அடிப்படை ஐஆர்சி 6 என்ற விதிநூல். அதில் 'கிளாஸ் ஏ' வாகனச் சுமைக்கு, 3 முதல் 45 மீட்டர் வரையுள்ள கான்கிரீட் பாலமென்றால் 4.5-ஐ (6 + பாலத்தின் நீளம்) என்பதால் வகுக்க வேண்டும். 30 மீட்டருக்கு இது 12.5 சதவீதம். 10 மீட்டருக்கு 28 சதவீதம். எஃகுப் பாலமென்றால் வேறு எண்கள், 30 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 21 சதவீதம். வாகன எடையோடு இந்தச் சதவீதத்தைக் கூட்டித்தான் பாலத்தை வடிவமைக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தில் நீளம் இருக்கிறது, கட்டுமானப் பொருள் இருக்கிறது. சாலையின் நிலைமை எங்கே? இல்லை! இது இந்திய விதிநூலின் குறை மட்டுமல்ல. அமெரிக்க விதிமுறையும் பொதுவாக 33 சதவீதம் என்று ஒரே எண்ணைத்தான் கொடுக்கிறது. ஆனால் பாலத்தின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு மட்டும் 75 சதவீதம் சேர்க்கச் சொல்கிறது. சக்கரம் 'தடக்' என்று அடிக்கும் இடம் அது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஐரோப்பாவின் யூரோகோட் மட்டும் விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. வாகனப் போக்குவரத்தால் பாலத்துக்கு ஏற்படும் சோர்வைக் கணக்கிடும் அதன் பின்னிணைப்பில், நல்ல சாலையென்றால் சுமையை 1.2-ஆல் பெருக்கு, நடுத்தரச் சாலையென்றால் 1.4-ஆல் பெருக்கு என்று இருக்கிறது. கவனியுங்கள், 1.4 என்பது மோசமான சாலைக்கு அல்ல. நடுத்தரத்துக்கு.

1.2-க்கும் 1.4-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் உடையும் அல்லவா? அதுதான் உலோகச் சோர்வு. எஃகுப் பாலத்தின் வெல்டிங் இணைப்புகளில் இந்தச் சோர்வு, விசையின் ஏற்ற இறக்கத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும் என்பது வழக்கமான கணக்கு. 1.4-ஐ 1.2-ஆல் வகுத்து மும்மடியாக்கினால் சுமார் 1.59. அதாவது நல்ல சாலையோடு 100 ஆண்டு தாங்கவேண்டிய ஓர் இணைப்பு, அதே லாரிகள் அதே எண்ணிக்கையில் போனாலும், நடுத்தரச் சாலையில் 63 ஆண்டில் களைத்துவிடும். 37 ஆண்டு போயே போச்சு. கான்கிரீட் பாலங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பாதிப்பு வேறு வழியில் வரும்: மேல்தளத்தில் விரிசல், ஜாயின்ட் கழன்றுபோவது, பாலத்தைத் தாங்கும் பேரிங் தேய்வது, விரிசல் வழியே தண்ணீர் இறங்கி உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடிப்பது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். லாரி எவ்வளவுக்கெவ்வளவு கனமோ, இந்தக் கூடுதல் சதவீதம் பொதுவாக அவ்வளவுக்கவ்வளவு குறைகிறது. இரண்டு லாரி ஒன்றாகப் போனாலும் அப்படித்தான், ஒன்று எழும்பும்போது மற்றது இறங்கும். பாலத்தை ஒரே நாளில் வீழ்த்தக்கூடிய மிகப்பெரிய சுமையில் அதிர்வின் பங்கு குறைவு. தினமும் ஆயிரக்கணக்கில் போகும் சாதாரண லாரிகளில்தான் அதிகம்.

பாலம் தொடங்கும் இடத்தில் ஏன் தூக்கிப்போடுகிறது?

மேம்பாலத்தில் ஏறும்போது சரியாகப் பாலம் தொடங்கும் இடத்தில் ஒரு தூக்கு, இறங்கும்போது ஒரு தூக்கு. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காரணம் எளிது. பாலம் நிற்பது ஆழமான அடித்தளத்தின் மேல். அது இறங்காது. அதோடு சேரும் அணுகுசாலை நிற்பது கொட்டி இறுக்கிய மண்ணின் மேல். வருடங்கள் போகப் போக மண் அமுங்கும், மழைநீர் அரிக்கும், சாலை சில சென்டிமீட்டர் கீழே போகும். நடுவே ஒரு படி உருவாகிவிடும்.

பாலத்துக்கு மிகமோசமான மேடு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்லவேண்டும். பாலத்தின் நடுவில் ஒரு பள்ளம் இருந்தால், அதுவரை லாரி அமைதியாக வந்திருக்கும். தொடக்கத்திலேயே படி இருந்தால், லாரி குதித்துக்கொண்டேதான் பாலத்துக்குள் நுழையும். முழு நீளத்துக்கும் குதித்தபடியே போகும். பாலத்தின் மேல் சாலை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

நம்முடைய அளவீட்டு முறையில் இது சிக்குவதும் கடினம். இந்தியாவில் சாலையின் கரடுமுரடை அளக்க 'பம்ப் இன்டக்ரேட்டர்' என்ற ஒற்றைச் சக்கர வண்டியை இழுத்துச் செல்வது பழைய முறை. ஒரு கிலோமீட்டரில் சக்கரம் மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் மேலும் கீழும் போனது என்று அது கூட்டிச் சொல்லும். ஐஆர்சி வழிகாட்டுதல்படி, பிட்டுமன் கான்கிரீட் சாலையில் 2,000-க்குக் கீழே இருந்தால் நல்லது, 3,000-க்கு மேல் போனால் மோசம். இப்போது நெடுஞ்சாலைகளில் லேசர் பொருத்திய வாகனங்கள் ஓடுகின்றன. பயணிகளின் வசதிக்கு இந்த அளவு போதும். ஆனால் ஒரு கிலோமீட்டர் சராசரியில், பாலத்தின் வாசலில் இருக்கும் ஒரே ஒரு 4 சென்டிமீட்டர் படி காணாமல் போய்விடும். 'சாலை நல்ல நிலையில் உள்ளது' என்று ரிப்போர்ட்டும் வந்துவிடும்.

தார் போட்டால் சரியாகிவிடுமா?

சரியாகலாம். எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே 5 சென்டிமீட்டர் போடுவதாக வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலம் என்றால் 300 சதுர மீட்டர். 15 கனமீட்டர் கலவை. எடை சுமார் 35 டன். ஒரு பாரம் ஏற்றிய லாரியை பாலத்தின் மேல் நிரந்தரமாக நிறுத்தி வைத்ததற்குச் சமம். இரண்டு தடவை இப்படிப் போட்டால் இரண்டு லாரி. ஆட்டத்தைக் குறைக்கப்போய் அசையாத சுமையை ஏற்றிவிடுகிறோம்.

மேலே சொன்ன டீ பாலத்திலும் இதே போன்ற ஒன்று நடந்திருந்தது. ரயில் எஞ்சினின் தணல் விழுந்து மரத்தளம் தீப்பிடிக்கக் கூடாது என்று, விபத்து நடந்த அன்றுதான் தண்டவாளத்தை ஒட்டி ஜல்லி கொட்டியிருந்தார்கள். ஏற்கெனவே பலவீனமான உத்திரத்துக்கு அது கூடுதல் பாரம்.

அதனால்தான் பாலங்களில் மில்லிங் செய்து, பழைய அடுக்கை எடுத்துவிட்டு, அதே உயரத்துக்கு மட்டும் புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டின் மேல் தாரைப் போட்டு மூடுவது இன்னொரு தப்பு. வெயிலுக்கு விரிந்து சுருங்கவே அந்த இடைவெளி. மூடினால் சில வாரங்களில் தார் பெயர்ந்து, முன்பிருந்ததைவிட மோசமான பள்ளமாகிவிடும். பாலத்தில் ஜாயின்ட்டை ஒட்டி மட்டும் திட்டுத் திட்டாகத் தார் உடைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் இதுதான் கதை.

புகார் செய்பவர்களுக்கு...

தேசிய நெடுஞ்சாலைப் பாலமென்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலையென்றால் 'நம்ம சாலை' செயலி. சென்னை மாநகராட்சிச் சாலையென்றால் 1913. 'பாலம் ஆடுது' என்று மட்டும் சொன்னால் பதில் 'எல்லாப் பாலமும் ஆடும் சார்' என்று வர வாய்ப்பிருக்கிறது. அது உண்மையும்கூட. அதனால் மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள். தூக்கிப்போடும் இடம் பாலத்தின் தொடக்கத்திலா, ஜாயின்ட்டிலா, நடுவிலா? அங்கே எவ்வளவு உயரத்துக்குப் படி அல்லது பள்ளம் இருக்கிறது? ஒரு செல்போனைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும், ஆனால் ஓடும் போக்குவரத்துக்கு நடுவே இறங்கி அல்ல, நடைபாதையிலிருந்து. மூன்றாவது, ஆட்டம் எப்போதும் இருந்ததா, சமீபத்தில் கூடியதா? இதில் கடைசிக் கேள்விக்கான பதில் எந்த லேசர் வண்டியிடமும் இருக்காது. தினமும் அந்தப் பாலத்தைக் கடப்பவரிடம்தான் இருக்கும்.